சிட்டி வேலை: ஆஃபர் கடிதத்தில் எழுதாத பணம்

அமெரிக்காவில் ஐ.டி.யிலோ கட்டுமான ஆலோசனை நிறுவனங்களிலோ பல வருடம் ஓடிவிட்டு, "லேஆஃப் பயம் போதும், சிட்டியில் ஒரு வேலை கிடைத்தால் நிம்மதி" என்று நகராட்சி வேலைக்கு மனுப்போடும் நம்மவர்கள் நிறையப் பேர். வேலை கிடைப்பது பாதிக் கிணறுதான். ஆஃபர் வந்த நாளிலிருந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் போடுகிற நாலைந்து கையெழுத்துகள்தான் அடுத்த இருபது வருடத்துப் பணத்தைத் தீர்மானிக்கின்றன. அந்தக் கையெழுத்து எதற்கென்று உட்கார்ந்து விளக்கிச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. எச்.ஆரில் இருப்பவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், கேட்காததைச் சொல்ல மாட்டார்கள். எதைக் கேட்பது என்றே தெரியாமல் தனியாகப் போய்ப் பணம் விட்டவர்களில் நானும் உண்டு. அந்த ஆதங்கம் இன்னும் ஆறவில்லை. என் கதையை ஓரமாக வைத்துவிட்டு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு போகும், எப்படித் தடுக்கலாம் என்பதை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் விசா. எச்1பி-யில் இருப்பவர்கள் சிட்டி வேலையை நம்பி அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். பல்கலைக்கழகங்களுக்கு இருப்பதுபோல எச்1பி உச்சவரம்பிலிருந்து நகராட்சிகளுக்குப் பொதுவான விலக்கு கிடையாது. ஸ்பான்சர் செய்யும் நகரங்களும் குறைவு. விண்ணப்பத்திலேயே "ஸ்பான்சர்ஷிப் தேவையா" என்ற கேள்வி இருக்கும். கிரீன் கார்டு அல்லது வேலை செய்யும் அனுமதி கையில் வந்தபின் இறங்குவதுதான் நல்லது.

வேலை அறிவிப்பில் சம்பளம் ஒரு வரம்பாக இருக்கும். உதாரணமாக மாதம் 6,000 முதல் 7,293 டாலர் வரை. தனியார் பழக்கத்தில் "நடுவில் எங்காவது கொடுப்பார்கள்" என்று நினைப்போம். இங்கே அப்படி இல்லை. அந்த வரம்புக்குள் படிகள் இருக்கும். ஏ, பி, சி, டி, இ என ஐந்து படி, ஒவ்வொன்றுக்கும் 5 சதவீத ஏற்றம் என்பது பரவலான அமைப்பு. எல்லாரையும் ஏ-யில் உட்கார வைப்பதுதான் வழக்கம், வருடத்துக்கு ஒரு படி ஏற்றம். இ-க்குப் போனபின் படி ஏற்றம் நின்றுவிடும். அதற்குமேல் யூனியன் ஒப்பந்தத்தில் வரும் பொது உயர்வு மட்டும்தான். இப்போது கணக்கைப் பாருங்கள்: 6,000, 6,300, 6,615, 6,946, 7,293. ஒருவர் ஏ-யில் சேர்கிறார், இன்னொருவர் அதே வேலைக்கு சி-யில் சேர்கிறார். முதல் வருடம் வித்தியாசம் 7,380 டாலர். இரண்டாம் வருடம் 7,749. மூன்றாம் வருடம் சுமார் 8,136. நான்காம் வருடம், சி-யில் சேர்ந்தவர் உச்சியில் நிற்கும்போது, சுமார் 4,167. ஐந்தாம் வருடம்தான் இருவரும் சமம். மொத்தம் ஏறக்குறைய 27,400 டாலர். அதுவும் பொது உயர்வைச் சேர்க்காமல். ஒரே ஒரு மின்னஞ்சலில் கேட்டிருக்க வேண்டிய பணம் இது. அதனால்தான் இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

எப்படிக் கேட்பது? "எனக்கு அதிகம் வேண்டும்" என்றால் நடக்காது. படியை உயர்த்த எச்.ஆர். ஒரு காரணத்தைக் காகிதத்தில் எழுதியாக வேண்டும், அந்தக் காரணத்தை நீங்கள்தான் தர வேண்டும். இப்போதைய சம்பளச் சீட்டு, அறிவிப்பில் கேட்ட குறைந்தபட்ச அனுபவத்தைவிட எத்தனை வருடம் கூடுதலாக இருக்கிறது, பி.இ. (புரொஃபஷனல் இன்ஜினியர்) போன்ற உரிமமோ பி.எம்.பி. (திட்ட மேலாண்மை) போன்ற சான்றிதழோ இருக்கிறதா, பக்கத்து நகரத்தில் அதே பதவிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்ற நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி, "சி படியில் நியமிக்கக் கோருகிறேன்" என்று படியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக ஒரு மட்டம் வரை துறைத் தலைவரே அனுமதிப்பார், அதற்குமேல் போனால் நகர நிர்வாகத்தின் தலைவரான சிட்டி மேனேஜர் கையெழுத்து வேண்டும். எவ்வளவு தூரம் கேட்கலாம் என்பது அந்த நகரத்தின் பணியாளர் விதிகளில் எழுதியிருக்கும். ஆஃபரில் கையெழுத்துப் போட்டபின் இதைக் கேட்டால் காது கேட்காது.

பக்கத்து நகரத்துச் சம்பளம் எப்படித் தெரியும் என்றால், இது ஒன்றும் ரகசியமில்லை. சம்பள அட்டவணையை நகரங்களே இணையத்தில் போடுகின்றன. கலிபோர்னியாவில் மாநிலக் கன்ட்ரோலர் அலுவலகமே ஒவ்வொரு பதவியின் சம்பளத்தையும் வெளியிடுகிறது. 2010-இல் பெல் என்ற சின்ன ஊரின் சிட்டி மேனேஜர் வருடத்துக்கு ஏறக்குறைய எட்டு லட்சம் டாலர் வாங்கியது வெளியே வந்து பெரிய ஊழல் வழக்கானது. அதன் பிறகு வந்த ஏற்பாடு அது. நமக்கு அது பேரம் பேசுவதற்கான ஆதாரம்.

இன்னொரு எச்சரிக்கை. "நிபந்தனை ஆஃபர்" என்று ஒன்று முதலில் வரும். கைரேகை, பின்னணிச் சோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்தபின்தான் இறுதிக் கடிதம். நடுவில் வாரக்கணக்கில் மௌனமாக இருப்பார்கள், சில சமயம் மாதக்கணக்கில். அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பழைய வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள். பதவியின் பெயருக்கு முன்னால் என்ன அடைமொழி இருக்கிறது என்றும் பாருங்கள். "நிரந்தர முழுநேரம்" வேறு, "குறித்த காலம்" வேறு, "தற்காலிகம்" வேறு. மேசையும் வேலையும் ஒன்றாக இருந்தாலும் கடைசி வகைக்கு பென்ஷனும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் போகலாம். கலிபோர்னியாவின் பொது ஊழியர் பென்ஷன் அமைப்பான கால்பெர்ஸில் உள்ள ஊர்களில் தற்காலிக ஊழியர் ஒரு நிதியாண்டில் 1,000 மணி நேரத்தைத் தாண்டினால் பென்ஷனில் சேர்த்தாக வேண்டும். அதனால்தான் சில துறைகள் 960, 980 மணி நேரத்திலேயே ஆளை நிறுத்திவிடுகின்றன.

சேரும் தேதியில்கூடப் பணம் இருக்கிறது. பல நகரங்களில் மருத்துவக் காப்பீடு "சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதி" தொடங்கும். மே 30-ஆம் தேதி சேர்ந்தால் ஜூன் 1-இல் காப்பீடு வந்துவிடும். நல்ல நாள் பார்த்து ஜூன் 3-இல் சேர்ந்தால் ஜூலை 1 வரை காத்திருக்க வேண்டும். பழைய கம்பெனிக் காப்பீடு மாதக் கடைசியோடு முடிந்திருந்தால் நடுவில் ஒரு மாதம் குடும்பமே வெறுங்கையோடு நிற்கும். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம். பழைய வேலையின் கோப்ரா காப்பீட்டை (விட்ட வேலையின் காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் தொடரும் வசதி) எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு, எடுத்தால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். அந்த இடைவெளியில் பெரிய மருத்துவச் செலவு வந்தால் மட்டும் கட்டிக்கொள்ளலாம், வராவிட்டால் விட்டுவிடலாம். அந்த 60 நாள் முடியும் தேதியை மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு கோப்பு நிறையப் படிவம் தருவார்கள். இதில் மருத்துவக் காப்பீட்டுப் படிவத்துக்குக் கெடு இருக்கிறது, பெரும்பாலும் 30 நாள். தவறினால் அடுத்த பொதுச் சேர்க்கைக் காலம் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு வருடம், நுழைய முடியாது. நம்மவர்கள் மாட்டுவது சான்றுகளில்தான். மனைவியையோ கணவரையோ சேர்க்கத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். கோயிலில் கட்டிய தாலியும் மண்டபத்துப் புகைப்படமும் இங்கே செல்லாது, பதிவு செய்த சான்றிதழ் வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். ஊரிலிருந்து காகிதம் வந்து சேருவதற்குள் கெடு ஓடிவிடும். ஆகவே ஆஃபர் வருவதற்கு முன்பே இவற்றைத் தயாராக வையுங்கள். காகிதம் இன்னும் வரவில்லை என்றாலும் படிவத்தைக் கெடுவுக்குள் கொடுத்துவிட்டு, "சான்று பின்னால் வரும்" என்று எழுத்தில் அவகாசம் கேளுங்கள். அப்பா அம்மாவைச் சேர்க்க முடியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பொதுவாக முடியாது. கணவன் அல்லது மனைவி, 26 வயது வரை பிள்ளைகள், சில இடங்களில் பதிவு செய்த துணைவர். அவ்வளவுதான். பெற்றோரைக் கிரீன் கார்டில் அழைத்து வரும் எண்ணம் இருந்தால் அவர்கள் காப்பீட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

கணவன் மனைவி இருவருக்கும் வேலை இருந்தால், சிட்டிக் காப்பீட்டை வேண்டாம் என்று சொல்வதற்கே மாதாமாதம் பணம் தரும் நகரங்கள் உண்டு. தொகை ஊருக்கு ஊர் மாறும். வேறு காப்பீடு இருக்கிறது என்று வருடா வருடம் சான்று கொடுத்தால்தான் அது தொடரும், ஒரு வருடம் மறந்தால் நின்றுவிடும். குழந்தை பிறந்தால் பெரும்பாலும் 30 நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரசவ அலைச்சலில் இது தவறிப்போன வீடுகள் இருக்கின்றன.

இனி முக்கியமான இடம், பென்ஷன். பெரும்பாலான நகரங்களில் இது 401கே மாதிரி சேமிப்புக் கணக்கு அல்ல, ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும் தொகை. கணக்கு எளிது: பணியாற்றிய வருடம், வயதுக்கான சதவீதம், கடைசிச் சம்பளத்தின் சராசரி, மூன்றையும் பெருக்க வேண்டும். கலிபோர்னியாவின் கால்பெர்ஸில் 2013 ஜனவரி 1 முதல் புதிதாகச் சேர்ந்த பொதுப்பிரிவு ஊழியர்களுக்கு 62 வயதில் 2 சதவீதம். சராசரி என்பது அதிகம் வாங்கிய தொடர்ச்சியான 36 மாதச் சம்பளம். இருபது வருட சேவை, சராசரி 9,000 டாலர் என்று வையுங்கள். 62 வயதில் வாங்க ஆரம்பித்தால் மாதம் 3,600. 57-லேயே ஆரம்பித்தால் சதவீதம் 1.5 ஆகக் குறையும், 2,700தான். 67 வரை பொறுத்தால் 2.5 சதவீதம், 4,500. அதே இருபது வருட உழைப்புதான், வாங்க ஆரம்பிக்கும் வயது மட்டும் வேறு. இதற்காக உங்கள் சம்பளத்தில் 7, 8 சதவீதம் அளவுக்குப் பிடிப்பார்கள். கைக்கு வரும் சம்பளத்தைக் கணக்குப் போடும்போது இதைக் கழிக்காமல் விட்டால் முதல் மாதமே அதிர்ச்சியாக இருக்கும்.

2013-க்கு முன்பே சேர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல சூத்திரம் உண்டு, அவர்களைக் கிளாசிக் உறுப்பினர் என்பார்கள். உங்களுக்கும் இது பொருந்த வாய்ப்பு இருக்கிறது. 2013-க்கு முன்பே ஒரு கவுன்டியிலோ வேறொரு நகரத்திலோ சேர்ந்து வேலை பார்த்து, அந்த அமைப்புக்கும் கால்பெர்ஸுக்கும் பரஸ்பர ஒப்பந்தம் இருந்தால், பழைய தகுதி தொடரும். ஆனால் பழைய வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் புதிய இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும், பழைய பணத்தைத் திரும்ப எடுத்திருக்கக் கூடாது. பிள்ளைகளின் பள்ளிக்காகவோ ஊருக்குப் போய் வருவதற்காகவோ ஏழெட்டு மாதம் இடைவெளி விட்டால் அந்தத் தகுதி போய்விடும். புதிய ஊரில் சேரும்போது பழைய உறுப்பினர் விவரத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். அவர்களாகத் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்று இருக்காதீர்கள்.

உரிமை முதிர்வு என்று ஒன்று இருக்கிறது. அத்தனை வருடம் வேலை பார்த்தால்தான் பென்ஷன் உங்களுடையது. கால்பெர்ஸில் ஐந்து வருடம். நியூயார்க் நகரத்தின் ஆறாம் அடுக்கில் (டியர் 6 என்னும் பென்ஷன் பிரிவு) முதலில் பத்து வருடமாக இருந்து 2022 ஏப்ரலில் ஐந்தாகக் குறைந்தது. சிகாகோவுக்கு வெளியே இல்லினாய் நகரங்களுக்கான பென்ஷன் அமைப்பான ஐ.எம்.ஆர்.எஃப்.பில், 2011 முதல் சேர்ந்தவர்களுக்குப் பத்து வருடம். டெக்சஸில் டி.எம்.ஆர்.எஸ். என்னும் நகராட்சிப் பென்ஷன் அமைப்பில் உள்ள பெரும்பாலான நகரங்களில் ஐந்து. நாலரை வருடத்தில் "வேறு நல்ல ஆஃபர்" என்று கிளம்பியவர்கள் விட்ட தொகையைக் கேட்டால் தூக்கம் வராது. டி.எம்.ஆர்.எஸ். உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 6,000, பிடித்தம் 7 சதவீதம், நகரம் ஒன்றுக்கு இரண்டு பங்கு போடுகிறது. உங்கள் பங்கு 420, நகரத்தின் பங்கு 840. நான்கு வருடத்தில் உங்களுடையது 20,160, நகரத்தினுடையது 40,320. வட்டியைச் சேர்க்கவில்லை. நகரத்தின் பங்கு ஓய்வு பெறும்போதுதான் உங்கள் பக்கம் வரும். முதிர்வுக்கு முன் விலகிப் பணத்தை எடுத்தால் உங்கள் பங்கும் அதன் வட்டியும் மட்டுமே. முதிர்ந்த பிறகும் அவசரப்பட்டு எடுத்தால் இதே கதைதான். ஆகவே முதிர்வுத் தேதியை எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அதைத் தாண்டியபின் வேலை மாறுங்கள். பகுதிநேரமாகவோ சம்பளமில்லா விடுப்பிலோ இருந்த மாதங்கள் சேவையில் முழுதாகச் சேராமல் அந்தத் தேதியைத் தள்ளிவிடக்கூடும். கைவிரலில் எண்ணிக் கணக்கு வைக்காதீர்கள்.

பென்ஷனோடு ஒட்டிய இன்னொரு விஷயம் சோஷியல் செக்யூரிட்டி, அதாவது சம்பளத்தில் வரி பிடித்து மத்திய அரசு தரும் ஓய்வூதியம். எல்லா நகரங்களும் இதில் இல்லை. ஓஹையோ, மசாசூசெட்ஸ், நெவாடா மாநிலங்களில் நகராட்சி ஊழியர்களில் பெரும்பாலோர் இதற்கு வெளியே. கலிபோர்னியாவில் ஊருக்கு ஊர் வேறு: லாஸ் ஏஞ்சலஸ் நகர ஊழியர்கள் வெளியே, சான் ஃபிரான்சிஸ்கோவின் பொதுப்பிரிவு ஊழியர்கள் உள்ளே. வெளியே இருந்தால் சம்பளத்தில் 6.2 சதவீதம் மிச்சம் என்று முதலில் சந்தோஷமாக இருக்கும். நடுவயதில் இந்த நாட்டுக்கு வந்த நமக்கு இது பெரிய சிக்கல். சோஷியல் செக்யூரிட்டி கிடைக்க 40 கிரெடிட், அதாவது பத்து வருட உழைப்பு வேண்டும். தனியாரில் ஏழு வருடம் கட்டி 28 கிரெடிட்டோடு இப்படிப்பட்ட நகரத்தில் சேர்ந்தால் கணக்கு 28-லேயே நின்றுவிடும். அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இதற்கான ஒப்பந்தம் இல்லாததால் இந்தியாவில் உழைத்த வருடங்களைக் கூட்டவும் முடியாது. மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வரி 1.45 சதவீதம் மட்டும் எல்லாப் புதிய ஊழியர்களுக்கும் உண்டு, அந்த வருடங்கள் மெடிகேர் தகுதிக்குச் சேரும். இதைவிட யாரும் பேசாத ஆபத்து, ஊனமுற்றால் வரும் உதவித்தொகை. அதற்குப் பொதுவாகக் கடைசிப் பத்து வருடத்தில் ஐந்து வருடம் சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டியிருக்க வேண்டும். வெளியே உள்ள நகரத்தில் ஐந்து வருடம் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு கழன்றுவிடும். நகரத்தின் சொந்த ஊனக் காப்பீடு என்ன தருகிறது, எத்தனை வருட சேவைக்குப் பின் தருகிறது என்று சேர்ந்த வாரமே கேளுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இப்படிப்பட்ட பென்ஷன் வாங்குபவர்களின் சோஷியல் செக்யூரிட்டியை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு விதிகளும் 2025 ஜனவரி 5-இல் கையெழுத்தான சட்டத்தால் ஒழிந்தன. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு "சிட்டிப் பென்ஷன் வாங்கினால் கணவரின் சோஷியல் செக்யூரிட்டியும் போகும்" என்று பயப்படுவோர் இப்போதும் இருக்கிறார்கள். இனி அந்தப் பயம் வேண்டாம். குறைவாக இருக்கும் கிரெடிட்டை மட்டும், வாய்ப்பு இருந்தால், ஓய்வு நேரத்தில் தனியார் வேலையோ வகுப்பெடுப்பதோ செய்து நிரப்பிக்கொள்ளுங்கள். வெளிவேலைக்கு நகரத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது 457பி கணக்கு, அதாவது நகராட்சி ஊழியர் சம்பளத்திலிருந்து ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் கணக்கு. தனியாரில் 401கே-யில் தானாகச் சேர்ந்துவிட்ட பழக்கத்தில், இங்கும் ஏதோ பிடிக்கிறார்கள் என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பென்ஷன் பிடித்தம் வேறு, 457பி வேறு. பல ஊர்களில் நீங்களாகப் படிவம் நிரப்பினால்தான் தொடங்கும், நகரம் தன் பங்கு போடுவதும் எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் இதற்கென்று ஒரு சிறப்பு இருக்கிறது. வேலையை விட்டபின் எந்த வயதில் எடுத்தாலும் 10 சதவீத அபராதம் கிடையாது, வருமான வரி மட்டும்தான். 2025-இல் உச்சவரம்பு 23,500 டாலராக இருந்தது, 50 வயது ஆகியிருந்தால் கூடுதலாக 7,500. நகரம் 401கே-யும் வைத்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனி வரம்பு. வேலையை விடும்போது யாராவது ஒரு முகவர் வந்து "எல்லாவற்றையும் ஐ.ஆர்.ஏ.வுக்கு (தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) மாற்றிவிடலாம்" என்பார். 59 அரை வயதுக்கு முன் பணம் தேவைப்படும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐ.ஆர்.ஏ.வுக்குப் போன மறுநிமிடம் அந்த அபராத விலக்கு போய்விடும்.

விடுப்பைப் பற்றி நாம் ஒரே கேள்விதான் கேட்போம்: ஊருக்குப் போக நான்கு வாரம் கிடைக்குமா? முதல் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் தகுதிகாண் காலம். சில நகரங்களில் அது முடியும்வரை விடுமுறை நாள் சேரும், எடுக்க முடியாது. அந்தக் காலத்தில் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடவும் முடியும். அது முடிந்தபின் நிரந்தர ஊழியரை விசாரணை இல்லாமல் நீக்க முடியாது என்பதை 1985-ஆம் ஆண்டு லவுடர்மில் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. சிட்டி வேலையின் நிம்மதி என்பது உண்மையில் அந்தத் தேதிக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. டிக்கெட் ஏற்கெனவே போட்டிருந்தால், தங்கை கல்யாணம் முடிவாகியிருந்தால், ஆஃபரை ஏற்கும் கடிதத்திலேயே தேதிகளை எழுதி அனுமதி வாங்குங்கள். வாய்மொழியாக மேலாளர் சரி என்று சொன்னது, அவர் வேறு துறைக்கு மாறினால் நிற்காது. சேர்ந்த முதல் நாளே 40 அல்லது 80 மணி நேர விடுப்பை வரவு வைக்கச் சொல்லியும் கேட்கலாம். சம்பளப் படியை உயர்த்த முடியாது என்று கைவிரிக்கும் நகரங்கள்கூட இதற்கு இறங்கி வருவதுண்டு.

விடுமுறை நாளுக்கு உச்சவரம்பு இருக்கும், அதைத் தொட்டால் மேற்கொண்டு சேராது. நோய் விடுப்பு பல ஊர்களில் வரம்பில்லாமல் சேரும். கால்பெர்ஸில் இந்த வசதியை ஒப்பந்தத்தில் எடுத்துள்ள நகரங்களில், ஓய்வு பெறும்போது பயன்படுத்தாத நோய் விடுப்பு சேவைக் காலமாக மாறும். 250 நாள் என்றால் ஒரு வருடம். வேலையை விட்ட 120 நாளுக்குள் ஓய்வூதியம் தொடங்கினால்தான் அது சேரும். ஓவர்டைமுக்குப் பணத்துக்குப் பதிலாக நேரம் தருவது அரசுத் துறையில் மட்டும் சட்டப்படி செல்லும்: ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை மணி, பொதுப்பிரிவு ஊழியர் அதிகபட்சம் 240 மணி நேரம் வரை சேர்க்கலாம். சேர்த்து வைத்து ஊருக்குப் போவதற்கு இது நல்ல வழி. வேலையை விட்டால் மிச்சத்தைப் பணமாகத் தந்தே ஆக வேண்டும். உங்கள் பதவி ஓவர்டைம் இல்லாத வகை என்றால் இந்தப் பேச்சே கிடையாது, அதற்கு ஈடாக நிர்வாக விடுப்பு உண்டா என்று கேளுங்கள்.

யூனியன் ஒப்பந்தம் நகரத்தின் தளத்திலேயே கிடைக்கும். நூறு பக்கம் இருக்கும், சோம்பல்படாமல் படியுங்கள். உரிமத்துக்கான கூடுதல் தொகை, படிப்புச் செலவு, இரண்டு மொழி தெரிந்தவருக்கான கூடுதல் தொகை எல்லாம் அதில்தான் ஒளிந்திருக்கும். இவை கேட்டால் மட்டுமே வரும், கேட்காத மாதத்துக்குப் பின்தேதியிட்டுத் தருவது அபூர்வம். 2018-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஜேனஸ் தீர்ப்புக்குப் பின் யூனியனில் சேராதவரிடம் கட்டாயக் கட்டணம் பிடிக்க முடியாது. சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம், ஒப்பந்தப் பலன்கள் இருவருக்கும் ஒன்றுதான். இங்கே படித்து மத்திய அரசின் கல்விக் கடன் பாக்கி உள்ளவர்கள், வாரம் 30 மணி நேரமோ அதற்குமேலோ வேலை என்றால், பொதுச்சேவைக் கடன் தள்ளுபடிக்கு முதல் மாதத்திலேயே வேலைச் சான்றுப் படிவத்தை அனுப்புங்கள். 120 தகுதியான தவணை முடிந்தால் மிச்சம் தள்ளுபடி. கடன் நேரடிக் கடன் வகையில் இருக்க வேண்டும் என்பதுதான் பலரைக் கவிழ்க்கும் இடம்.

தனியார் ஆஃபரோடு ஒப்பிடும்போது சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிட வேண்டாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்குப்படி, மாநில, நகராட்சி ஊழியருக்கு ஆகும் மொத்தச் செலவில் சுமார் 38 சதவீதம் சம்பளம் அல்லாத பலன்கள், தனியாரில் அது சுமார் 30. ஆனால் அந்தப் பலன் உங்கள் கைக்கு வருமா என்பது நீங்கள் எத்தனை வருடம் இருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு மூன்று வருடத்தில் கிளம்பும் எண்ணம் இருந்தால் சிட்டி ஆஃபரின் உண்மை மதிப்பு நிறையக் குறையலாம். என் கருத்தில், ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருக்கப்போகிறவர் சம்பளத்தை விட்டுக்கொடுத்து சிட்டிக்கு வருவது நஷ்டம். பத்து வருடம் இருப்பவருக்கு இதைப்போல் பாதுகாப்பான இடம் குறைவு. ஓய்வுக்குப் பின் மருத்துவக் காப்பீடு தரும் நகரங்களிலும் இப்படித்தான். கால்பெர்ஸ் முதிர்வு அட்டவணையை ஏற்ற ஊர்களில் பத்து வருட சேவைக்கு நகரத்தின் பங்கில் 50 சதவீதம், இருபது வருடத்துக்கு 100 சதவீதம்.

நகரமே நொடித்துப்போனால்? டெட்ராய்ட் 2013 ஜூலையில் திவால் மனுப்போட்டது. பொதுப்பிரிவு ஓய்வூதியர்களுக்கு மாதத் தொகை 4.5 சதவீதம் வெட்டப்பட்டது, விலைவாசி உயர்வுப் படி முழுதாக நின்றது. ரோட் ஐலண்டின் சென்ட்ரல் ஃபால்ஸில் 2011-இல் நடந்தது இன்னும் கொடுமை, சிலருக்குப் பாதிக்குமேல் போனது. 2012-இல் திவாலான ஸ்டாக்டனில் பென்ஷன் தப்பியது, ஓய்வூதியர்களின் மருத்துவக் காப்பீடு போனது. ஆகவே சேருமுன் நகரத்தின் வருடாந்தர நிதி அறிக்கையைத் திறந்து, பென்ஷன் கடனுக்கு எவ்வளவு நிதி சேர்ந்திருக்கிறது என்ற சதவீதத்தைப் பாருங்கள். பின்பகுதிக் குறிப்புகளில் இருக்கும். 80-க்குப் பக்கத்தில் என்றால் கவலை குறைவு. 50-க்குக் கீழே, அதுவும் வருடா வருடம் இறங்குகிறது என்றால், வரும் வருடங்களில் சம்பள உயர்வுக்கான பணத்தை அந்தக் கடனே தின்றுவிடும். பக்கத்திலேயே ஓய்வுக்கால மருத்துவச் செலவுக்கான கணக்கும் இருக்கும். அதில் சேமிப்பு பூஜ்யம் என்று கண்டால் அந்த வாக்குறுதியை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எப்படியும் ஒருநாள் விலகுவோம். அப்போது "உங்கள் பென்ஷன் பணத்தைத் திரும்பப் பெறலாம்" என்று ஒரு கடிதம் வரும். 40,000 டாலர் இருக்கிறது என்றால் கையில் காசோலையாக வாங்கும்போதே 8,000 வரிக்காகப் பிடிப்பார்கள். 55 வயதாகும் ஆண்டுக்கு முன் விலகியவர் என்றால் 4,000 அபராதம், அதோடு வருமான வரி. ஊரில் வீடு கட்ட இதை எடுத்தவர்கள் பலர், அந்த ஆயுள்காலப் பென்ஷனும் அதோடு போனது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் பெயருக்குக் காசோலை வாங்காமல் நேரடியாக இன்னொரு ஓய்வுக்கால கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். முதிர்வு ஆகியிருந்தால் விட்டு வையுங்கள். விலாசம் மாறும்போதெல்லாம் பென்ஷன் அலுவலகத்துக்கு எழுதுங்கள், ஏனென்றால் இருபது வருடம் கழித்து உங்களைத் தேடி அவர்கள் வர மாட்டார்கள். வாரிசுப் படிவத்தையும் அன்றே திறந்து பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயர் எழுதியது அப்படியே இருக்கக்கூடும். பென்ஷன், 457பி, ஆயுள் காப்பீடு மூன்றுக்கும் தனித்தனிப் படிவம், ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாறாது.